பதினேழு பிக்சல் இடது, ஒன்பது பிக்சல் கீழே

சென்ற மாதம் எங்கள் ஆய்வு மையத்திலிருந்து இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. முதலாவது, ஆண்டு மலருக்கு ஓர் அனுபவக் கட்டுரை கேட்டு வந்தது. இரண்டாவது, ஓய்வுபெற்ற ஊழியர்களின் தகவலுக்கு என்று அனுப்பப்பட்ட சுற்றறிக்கை. அதில் பதினான்கு பத்திகள். பதினோராவது பத்தியில், இனிமேல் அடாப்டிவ் ஆப்டிக்ஸ் படங்களுக்கு ஒப்பு விண்மீன் எடுக்கப்போவதில்லை, புதிய மென்பொருளுக்கு அது தேவையில்லை, ஒவ்வோர் இரவிலும் நாற்பது நிமிடம் மிச்சமாகும் என்று இருந்தது.

கட்டுரை கேட்டவர் "சுவையான சம்பவங்கள் நான்கைந்து" வேண்டும் என்று எழுதியிருந்தார். என்னிடம் நான்கைந்து இல்லை. ஒன்று இருக்கிறது, அதுவும் சுவையானது அல்ல. பதினோராவது பத்தியைப் படித்த பிறகு அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருப்பது படூரில், ஏழாவது மாடியில். எதிர்க் கட்டடத்தில் காலை எட்டு மணியிலிருந்து சுவரில் துளை போடுகிறார்கள். வாக்கியங்கள் ஆங்காங்கே முட்டிக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது இயற்பியல். பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டு நான்கு மாதம். முதல் பாதியில் மற்றவர்கள் கெடுத்த படங்களைச் சரிசெய்தேன், இரண்டாம் பாதியில் நானே கெடுத்தவற்றை. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் பிரிவு அப்போது முட்டுக்காட்டில், கழிமுகத்தைப் பார்த்த ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது. ஒன்பது நாற்காலி, ஆறு கணினி. தொலைநோக்கி உலகத்தின் மறுபக்கத்தில், வேறொரு நாட்டின் மலைமேல் இருந்தது. அங்கே இரவென்றால் எங்களுக்குப் பகல். காலை எட்டு ஐம்பதுக்கு அன்றைய முதல் கோப்புகள் வரத் தொடங்கும். நாங்கள் பட்டப்பகலில், ஜன்னலுக்கு வெளியே படகுகளில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு குடும்பங்கள் கத்திக்கொண்டு போகும்போது, விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருபத்தொன்பது ஆண்டு வானியல் வேலை செய்தவன் நான். வேலைக்காக ஒரு நாள்கூட வானத்தை அண்ணாந்து பார்த்ததில்லை.

எங்கள் வேலையை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். மே மாதத்து நண்பகலில் கடற்கரைச் சாலையில் நின்றால், தூரத்தில் வரும் பேருந்து நெளிந்து நெளிந்து வரும். நெளிவது பேருந்தல்ல, நடுவில் இருக்கும் சூடான காற்று. விண்மீனின் ஒளியும் நம் காற்றுக்குள் வந்ததும் அப்படித்தான் நெளிகிறது. அடாப்டிவ் ஆப்டிக்ஸ் என்பது அதற்கு எதிராக நெளிகிற ஒரு கண்ணாடி. அதன் முதுகில் நூற்றுக்கணக்கான சிறு ஊசிகள் இருக்கும். அவை ஒரு நொடிக்குள் பல நூறு முறை கண்ணாடியைத் தள்ளியும் இழுத்தும் காற்றின் நெளிவைச் சமன் செய்யும்.

அப்படியும் முழுதாகச் சரியாகாது. விண்மீனைச் சுற்றி, பனிக்காலத்துத் தெருவிளக்கைச் சுற்றி இருப்பதைப் போல, ஓர் ஒளிப்படலம் மிஞ்சும். அதற்குள் மங்கலாக ஏதாவது இருந்தால் தெரியாது. அதனால் முக்கிய விண்மீனைப் படம் எடுத்ததும், பக்கத்திலேயே துணை எதுவும் இல்லாத ஒற்றை விண்மீன் ஒன்றை இரண்டு நிமிடம் எடுப்பார்கள். அதுதான் ஒப்பு விண்மீன். அதன் படலத்தை முக்கிய விண்மீனின் படலத்திலிருந்து கழித்துவிட்டால், மிஞ்சுவதுதான் நமக்கு வேண்டியது. கழித்து முடித்ததும் ஒப்பு விண்மீனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் தலைவர் கமலவேணி மேடம். செங்கல்பட்டிலிருந்து திருப்போரூரில் பேருந்து மாறி, ஒன்பது பத்துக்கு வந்துவிடுவார். யாருடைய நாற்காலியிலும் உட்காரமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நம் முதுகுக்குப் பின்னால் நிற்பார். திரையை விரலால் தொடமாட்டார். "நாலு பக்கமும் திருப்புங்க" என்பார். படத்தை நான்கு திசைக்கும் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும், "இப்ப எங்க தெரியுது?" என்று கேட்பார். நேராக இருக்கும்போது தெரிந்தது தலைகீழாக இருக்கும்போதும் அதே அளவில் தெரிந்தால்தான் அடுத்த பேச்சு. எல்லோரையும், தண்ணீர் கேன் கொண்டுவருகிறவர் உட்பட, "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அது எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்றை இப்போதுள்ளவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். நீளமான பச்சை அட்டைப் பதிவேடு ஒன்று அலுவலகத்தின் நடு மேசையில் இருக்கும். அதற்குக் கை நோட்டு என்று பெயர். படத்தில் எந்தப் பிக்சலையாவது மென்பொருள் அல்லாமல் மனிதர் கை வைத்து மாற்றினால், எந்தப் படம், எந்த இடம், எத்தனை பிக்சல், ஏன் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பதிவுக்கு எனக்கு ஆறு நிமிடம் ஆகும்.

ஒரு பருவத்தில் ஐந்து மாதத்துக்குள் முப்பத்தொரு படங்களை நான் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. முப்பத்தொன்றுக்கும் ஒரே ஒப்பு விண்மீன். முதல் படத்தில் கழித்து முடித்ததும், விண்மீனுக்கு இடப்பக்கம் பதினேழு பிக்சல், கீழே ஒன்பது பிக்சல் தள்ளி, ஒரு கருப்புப் புள்ளி. ஐந்துக்கு ஐந்து பிக்சல். கேமராவில் தூசு என்று நினைத்தேன். அந்தப் பருவத்தில் தொலைநோக்கியை இயக்கியவர் எல்லா விண்மீன்களையும் கேமராவின் ஒரே மூலையில்தான் வைப்பார், அந்த மூலை சுத்தம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஆகவே புள்ளி ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் வந்தது. தூசும் அதே இடத்தில்தான் வரும். சுற்றியுள்ள பிக்சல்களின் சராசரியை எடுத்து அந்தக் கருப்பை நிரப்பினேன். முப்பத்தொரு தடவை. மொத்தம் எழுநூற்று எழுபத்தைந்து பிக்சல்.

கை நோட்டில் எழுதவில்லை. முதல் தடவை மதியத்துக்கு மேல் எழுதலாம் என்று விட்டேன். இரண்டாவது தடவை, முதலாவதை எழுதாமல் இதை எப்படி எழுதுவது என்று விட்டேன். மூன்றாவதிலிருந்து காரணமே தேவைப்படவில்லை. வேறு ஒப்பு விண்மீன் வைத்த படங்களில் அந்தக் கருப்புப் புள்ளி வருகிறதா என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்திருந்தால் போதும். மாடிப்படியை எண்ணுகிறவன், இட்லித் தட்டின் குழியை எண்ணுகிறவன், அதை மட்டும் எண்ணவில்லை.

மூன்று ஆண்டுகள் போயின. மேடம் ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. அதே பருவத்தில் எடுத்து, யாரும் தொடாமல் அலமாரியில் கிடந்த தரவு ஒன்றை அவர் எடுத்துக் கொடுத்தார். இளம் விண்மீன் ஒன்று. அதைச் சுற்றித் தூசு வளையம் இருக்கலாம் என்பது அவருடைய பல வருடக் கணிப்பு. நான்கு நாளில் கழித்து முடித்தேன். வளையம் இருந்தது. மெல்லிய, சாய்ந்த வளையம். அதன் இடது கீழ்ப்பக்கத்தில் ஓர் உடைப்பு. பல்லில்லாத இடம் போல, சுத்தமான கருப்பு.

வளையத்தில் உடைப்பு என்றால் அங்கே ஏதோ ஒன்று தூசைத் துடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். ஒரு கோளாக இருக்கலாம். மேடம் நாலு பக்கமும் திருப்பச் சொன்னார். நாலு பக்கமும் தெரிந்தது. பிறகு அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"தணிகாசலம், இத்தனை வருஷமா மத்தவங்க துணியத் தொவச்சுத் தொவச்சுக் குடுத்தோம். இது நம்ம துணி" என்றார். சிரித்தார். அன்று எல்லோருக்கும் மசால் வடை வாங்கிவரச் சொன்னார்.

நான் என் வடையை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு எண்ணினேன். அந்த உடைப்பு ஐந்துக்கு ஐந்து பிக்சல் இருந்தது. பதினேழு இடது, ஒன்பது கீழே.

எல்லோரும் போன பிறகு, மாலை வெயில் இருக்கும்போதே, பழைய கோப்புகளைத் திறந்தேன். வளையத்தை எடுத்த இரவில் தொலைநோக்கியை இயக்கியவர் வேறொருவர். விண்மீனை அவர் வைத்திருந்த இடம், பழைய மூலையிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு பிக்சல் தள்ளி. தூசு கேமராவோடு ஒட்டியிருப்பது. விண்மீனை நகர்த்தினால் தூசு கூடவே நகராது. இது நகர்ந்திருந்தது. ஆகவே தூசு இல்லை. வளையத்தின் உடைப்பும் இல்லை, ஏனென்றால் வளையமே இல்லாத முப்பத்தொரு படங்களில் இது இருந்தது. வளையப் படம் உட்பட எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான், அந்த ஒரே ஒப்பு விண்மீன். ஒப்பு விண்மீனுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு மங்கிய ஒளி இருக்கிறது. அதைக் கழிக்கும்போது, முக்கியப் படத்தில் அந்த இடம் கருப்பாகிவிடுகிறது.

மேடம் கட்டுரை எழுதத் தொடங்கியிருந்தார். நான் சொல்லவில்லை. முதல் நாள் சொல்லாததற்குக் காரணம், இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும் என்பது. இரண்டாம் நாள் சரிபார்த்துவிட்டேன். அதன் பிறகு சொல்லாததற்குக் காரணம், கை நோட்டு.

ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, ஏழுமலை என் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஏழுமலை எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர். உப்புக் காற்றில் மின்சுற்றுப் பலகைகள் துருப்பிடிக்காமல் காப்பாற்றுவதே பெரிய வேலை. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் வீடு. என்னைவிட இரண்டு வயது சின்னவர்.

"இன்னா அண்ணாத்த, டப்பாவ தொறக்கவே இல்ல? காக்காவுக்கா கொண்டாந்தே?"

"பசி இல்ல."

"பசி இல்லாத மூஞ்சியா இது? பேஜாரு புடிச்ச மூஞ்சி. இன்னா விசயம், சொல்லு."

சொன்னேன். அவருக்குப் புரியுமா என்ற சந்தேகத்தோடு சொன்னேன். என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டார்.

"அப்ப படிக்கல்லுல கோளாறுன்ற. எங்க குப்பத்துல மீன நிறுக்கசொல்ல அல்லாரும் மீனத்தான் பாத்துகினு இருப்பாங்க. எங்கம்மா மட்டும்தான் கல்லப் பாக்கும். யாவாரி வந்தான்னா மொதல்ல கல்ல எடுத்துக் கையில தூக்கிப் பாக்கும்."

"நான் பாக்கல."

"மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எத்தினி நாளா?"

"இன்னியோட ஒன்பது நாள்."

"ஒம்போது நாளு! எண்றதுல மட்டும் ஒண்ணும் கொறச்சல் இல்ல உனக்கு." டப்பாவை என் பக்கம் தள்ளினார். "சொன்னா இன்னா ஆவும்?"

"அவங்க பேப்பர் போயிடும். திங்கக்கிழமை அனுப்பறாங்க."

"சொல்லாங்காட்டி?"

"அச்சாயிடும். அப்புறம் எவனாவது வேற கல்ல வச்சு நிறுத்துப் பாப்பான்."

"அப்ப அவங்க பேரு நாறும். உன் பேரு அதுல இல்ல. அதானே கணக்கு?"

அது கணக்கு இல்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு அது மட்டுமே கணக்காகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை செங்கல்பட்டுக்குப் போனேன். மேடத்தின் வீடு கொளவாய் ஏரிப் பக்கம். போய்ச் சேர்ந்தபோது பத்து நாற்பது. அவர் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த பஸ்ஸுல வந்தீங்க? உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்றார்.

நான்கு தாள்களில் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். வளையம் ஒன்று, பழைய படங்கள் மூன்று, நிரப்பாத நிலையில். சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு தாளையும் நாலு பக்கமும் தானே திருப்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் இரண்டு ரயில்கள் போயின.

"கை நோட்டுல இருக்கா?"

"இல்ல மேடம்."

"மொத்தம் எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

"மூணு வருஷமாவா?"

"நிரப்பினது அஞ்சு மாசத்துல மேடம். சொல்லாம இருந்ததுதான் மூணு வருஷம். வளையத்துல இருக்கிறது இதுதான்னு தெரிஞ்சு பதினோரு நாள்."

அவர் தாள்களை அடுக்கினார். ஓரம் சரியாகச் சேரும்வரை மேசையில் தட்டினார்.

"அந்தப் பதினோரு நாளும் நான் சந்தோஷமா இருந்தேனே. அதப் பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் நடையே மாறியிருந்தது. படியில் இரண்டு இரண்டாக ஏறிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஏழரைக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார். காபி கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை எனக்கு முன்பே வந்து, நடு மேசையில் கை நோட்டைத் திறந்து வைத்திருந்தார். முப்பத்தொரு பதிவுகள். எழுத மூன்று மணி நேரம் ஏழு நிமிடம் ஆயிற்று. எழுதி முடிக்கும்வரை பின்னால் நின்றார். பிறகு, "அந்த ஒப்பு விண்மீனையே முக்கிய விண்மீனா வைங்க. வேற ராத்திரில எடுத்த வேற ஒப்பு விண்மீனால கழிங்க" என்றார்.

கழித்தேன். படலம் விலகியது. பதினேழு இடது, ஒன்பது கீழே, வெள்ளையாக, ஊசிமுனை போல ஒரு சிறு ஒளி இருந்தது. நாலு பக்கமும் திருப்பினேன், அவர் சொல்லாமலே. எல்லாப் பக்கமும் இருந்தது.

மேடம் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். கதவைத் தட்டிவிட்டு வாசலில் நிற்கும் சிறுமியிடம் கேட்பதுபோல், "யாரும்மா நீ?" என்றார்.

எனக்கு இன்றைக்கும் அலுவலகத்தில் எதன்மேல் ஏக்கம் என்று கேட்டால், அந்த நிமிடம்தான். அவர் என்மேல் கோபமாக இருந்தார். அடுத்த நாற்பது நாள் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிடம் நாங்கள் இருவரும் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், உலகத்தில் வேறு யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

கட்டுரை அனுப்பப்படாமலே போய்விட்டது. உடைப்பு இல்லாத வளையத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கக் குறிப்பு ஒன்று வெளிவந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அந்தச் சிறு ஒளி யார் என்ற கேள்வி நின்றது. இரண்டு பதில்தான் இருக்க முடியும். அது ஒப்பு விண்மீனோடு சேர்ந்த துணையாக இருக்கலாம். அல்லது வெகு தொலைவில், தற்செயலாக அதே திசையில் தெரியும் வேறொரு விண்மீனாக இருக்கலாம். இதைச் சொல்ல, சில ஆண்டு இடைவெளி விட்டு இன்னொரு படம் வேண்டும். ஒப்பு விண்மீன் வானத்தில் மெல்ல நகர்கிறது. துணை என்றால் கூடவே நகரும், இல்லையென்றால் பின்தங்கிவிடும். எங்களிடம் இருந்த படங்கள் எல்லாம் ஐந்து மாதத்துக்குள் எடுத்தவை. அதற்குள் நகர்ந்தது ஒரு பிக்சல்கூட இல்லை.

மூன்று ஆண்டு கழித்து எடுத்தால் போதுமானதாக இருந்திருக்கும். அந்த மூன்று ஆண்டு அப்போதுதான் முடிந்திருந்தது. ஆனால் அந்தக் கேமராவைக் கழற்ற இன்னும் நான்கு மாதம்தான் இருந்தது, தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பித்தால் கிடைக்க ஆறு மாதம் ஆகும். நான் முதல் படத்திலேயே ஆறு நிமிடம் செலவழித்துக் கை நோட்டில் எழுதியிருந்தால், மேடம் அன்றே அதைப் பார்த்திருப்பார். உரிய காலத்தில் விண்ணப்பம் போயிருக்கும். மேடம் இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார்: "அப்பவே எழுதியிருந்தீங்கன்னா, இந்நேரம் கேட்டு வாங்கியிருக்கலாம்." பிறகு வேறு இடங்களுக்கு இரண்டு விண்ணப்பம் அனுப்பினார். இரண்டும் திரும்பின. ஓய்வுபெற்றார்.

இது நடந்து பதினாறு ஆண்டு. மேடத்துக்கு எழுபத்தாறு வயது. போன ஆண்டு இதயத்தில் ஒரு சிகிச்சை நடந்தது, இப்போது படி ஏறுவதில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் போய்ப் பார்க்கிறேன். காபி உண்டு. ஏழுமலையும் சில தடவை மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மேடம், உங்க ஆளு இன்னும் எண்ணிகினுதான் கீறாரு" என்று என்னைக் காட்டிச் சிரிப்பார். கிளம்பும்போது மேடம் கேட்பார்: "யாராவது பாத்தாங்களா?" "இன்னும் இல்ல மேடம்" என்பேன். "சரி, பாத்துப் போங்க" என்பார்.

இந்த மாதமும் கேட்டார். பதினோராவது பத்தியைப் பற்றி நான் சொல்லவில்லை. ஒப்பு விண்மீனாக எடுத்தால்தானே அந்தப் பக்கம் ஏதாவது ஒரு கேமரா திரும்பும்? இனி அதை யாரும் எதற்காகவும் பார்க்கப்போவதில்லை. மறுபடியும் நான் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு அவரிடம் சொல்லாமல் இருக்கிறேன். இருபத்து மூன்று நாள் ஆகிறது.

அதனால் உங்களைக் கேட்கிறேன். இதைப் படிப்பவர்களில் சிலருக்கு இந்த ஆண்டு தொலைநோக்கியில் நேரம் கிடைத்திருக்கும். மிச்சமாகும் நாற்பது நிமிடத்தில் இரண்டு நிமிடம் போதும். விண்மீனின் எண்ணையும் இடத்தையும் மலர்க் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். கேமராவில் ஐந்து வெவ்வேறு இடங்களில் வைத்து எடுங்கள். கையால் எதையும் நிரப்பாதீர்கள். முதல் படங்களிலிருந்து பத்தொன்பது ஆண்டில் ஒப்பு விண்மீன், எங்கள் பழைய கேமராவின் அளவில், ஏறத்தாழ நாற்பத்தொரு பிக்சல் நகர்ந்திருக்க வேண்டும். மேடம் கையால் போட்ட கணக்கும் நான் கணினியில் போட்ட கணக்கும் ஒத்துப்போயின. சிறு ஒளி அதே இடத்தில், அல்லது கொஞ்சம் சுற்றி வந்து, பக்கத்திலேயே இருந்தால் அது துணை. எங்கோ பின்னால் நின்றுவிட்டிருந்தால் அது வேறு யாரோ. எந்தப் பதிலாக இருந்தாலும் பரவாயில்லை என்று மேடம் சொல்லியிருக்கிறார். எனக்கும் பரவாயில்லை.

பதில் கிடைத்தால், எந்த நேரமானாலும், உடனே எனக்குத் தெரிவியுங்கள். ஒரு சனிக்கிழமையாவது, அவர் கேட்பதற்கு முன் நான் சொல்ல வேண்டும்.